கஞ்சித்தொட்டி முதல் மரபணுக்கூடம் வரை

வடசென்னையில் பழைய ஜெயில் சாலை வழியே செல்வோர் ஸ்டான்லி மருத்துவமனையைக் காணாமல் போக இயலாது. இராயபுரம், வண்ணாரப்பேட்டை முதியோர் நாவில் அதற்கு நெடுங்காலம் வழங்கிவந்த பெயர் வேறு: கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. பெயரைக் கேட்டு இளைஞர்கள் சிரிப்பதுண்டு. சிரிப்பதற்குரிய பெயரன்று அது. ஹைதர் அலிக்கும் கம்பெனியாருக்கும் போர் மூண்ட காலத்தில், பஞ்சமும் சேர்ந்து துரத்த, பட்டணத்தை நோக்கி ஓடிவந்த மக்களுக்கு 1782-இல் கஞ்சி வார்க்கத் தொடங்கினார்கள். அந்த ஏற்பாடே மணியக்காரர் சத்திரமாயிற்று. பசித்து வந்தவர்களில் பலர் பிணியோடும் வந்தார்கள். சத்திரத்தை ஒட்டி மருத்துவம் வளர்ந்தது. மருத்துவத்தை ஒட்டி மருத்துவப் பள்ளி வளர்ந்தது. அப்பள்ளி 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாயிற்று.

தொட்டி ஒன்று, அதிலிருந்து உண்டவர் பலர். தனித்தனியே அடுப்பு மூட்ட வசதியற்றவர்களுக்கு ஊர் கூடிச் செய்த ஏற்பாடு அது. இன்றைய விஞ்ஞான உலகிலும் அவ்வாறான தொட்டிகள் உண்டு. ஒரு கல்லூரியோ ஒரு மருத்துவமனையோ தனித்து வாங்கிப் பராமரிக்க முடியாத விலையுயர்ந்த கருவிகளை ஓரிடத்தில் நிறுவி, பல ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுக்கூடங்களே அவை. இதய நோய், நுரையீரல் நோய் ஆகியவற்றில் மரபணுக்களின் செயலை அளந்தறியும் கூடங்கள் இவற்றுள் தலையாயவை. அவற்றின் வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் ஒரு வினா என்னை உறுத்துவதுண்டு. கருவி பொது, சரி; அக்கருவிக்குள் யாருடைய இரத்தம் செல்கிறது? விளைந்த அறிவில் யாருக்குப் பங்கு? இவ்வினாவுக்கு ஒரு விடை, உலகம் வியக்கும்படி, நம் சென்னையிலேயே ஒருமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லுமுன் மரபணு வெளிப்பாடு என்பது என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே மரபணு ஏடுதான். ஆயினும் இதயத்தின் அணு துடிக்கிறது. நுரையீரலின் அணு காற்றை உள்வாங்குகிறது. காரணம், ஒவ்வோர் அணுவும் அந்த ஏட்டின் சில பக்கங்களை மட்டுமே திறந்து வாசிக்கிறது. வாசிக்கும் பக்கத்திற்குத் தூது ஆர்.என்.ஏ. என்னும் படி ஒன்று எடுக்கப்படுகிறது. எந்தப் பக்கத்துக்கு எத்தனை படிகள் எடுக்கப்பட்டுள்ளன என்று எண்ணினால், அந்த அணு அந்த வேளையில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது விளங்கிவிடும். இதுவே மரபணு வெளிப்பாட்டை அளப்பது. ஏட்டின் எழுத்து பிறப்போடு வந்தது, மாறாதது. வெளிப்பாடோ காய்ச்சல் வந்தால் மாறும். பட்டினி கிடந்தால் மாறும். புகையை உள்ளிழுத்தால் மாறும். வாழ்க்கை உடம்பில் எழுதும் நாட்குறிப்பு என்று இதனைச் சொன்னால் பொருந்தும்.

இனிச் சென்னைக்கு வருவோம். 1950-களில் காசநோய் என்றால் குடும்பமே ஒடுங்கிப்போகும். எங்கள் தெருவில் அந்நோய் கண்ட ஒருவரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது" என்பதற்கு மேல் அவருடைய வீட்டார் ஒருநாளும் வாய் திறந்ததில்லையாம். நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு, மருத்துவ விடுதியில் மாதக்கணக்கான வாசம் என்பவையே அந்நாளைய சிகிச்சை முறை. ஆனால் நாட்டில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். விடுதிப் படுக்கைகளோ மிகக் குறைவு. இந்நிலையில் 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி ஏற்படுத்திய பொது ஸ்தாபனம் அது. ஆய்வை முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர்.

அவர்கள் எழுப்பிய வினா மிக எளியது. மருந்து ஒன்றேயாக இருக்குமானால், நோயாளி விடுதியில் படுத்திருந்தால் என்ன, வீட்டில் இருந்தால் என்ன? நகரத்து ஏழைகளான 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் விடுதிக்குப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான குடியிருப்புகளிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் அதே இரு மருந்துகள், ஓராண்டு. வீட்டிலிருந்தவர்கள் பாயை உதறிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள், கிடைத்ததை உண்டார்கள், பிள்ளைகளோடு ஒரே அறையில் உறங்கினார்கள். செவிலியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடி வந்து மீதமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்சென்றதா என்று பார்த்தார்கள்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. ஆண்டு முடிவில் விடுதியில் இருந்தவர்களில் 92 சதவிகிதத்தினருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவிகிதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. குறைந்த உணவு, மிகுந்த உழைப்பு, நெருக்கடியான வீடு ஆகிய எதுவும் மருந்தின் வேலையைப் பெரிதாகக் கெடுத்துவிடவில்லை. வீட்டாருக்கு நோய் தொற்றுமே என்ற அச்சமும் பின்னர் ஐந்தாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் தீர்ந்தது. விடுதிக்குப் போனவர்களின் குடும்பங்களைக் காட்டிலும் இவர்களுடைய குடும்பங்களுக்கு அதிக ஆபத்து இருக்கவில்லை. உலகெங்கும் காசநோய் விடுதிகள் மூடப்பட்டதற்கும், நோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்ணும் முறை பரவியதற்கும் இந்த ஆய்வு ஒரு முதற்காரணம். சென்னைக் குடிசைவாசியின் சளியும் சிறுநீரும் உலகுக்கு வழி காட்டின என்றால் மிகையாகாது. அதைவிட முக்கியமானது, அந்த வழியின் பயன் முதலில் சேர்ந்தது அதே குடிசைவாசிக்குத்தான்.

அந்த மையத்தின் பகிர்வு சேத்துப்பட்டோடு நின்றுவிடவில்லை. நோயாளிகளிடமிருந்து வளர்த்தெடுத்த காசநோய்க் கிருமிகள் விமானமேறி இலண்டனுக்குச் சென்றன. ஹாமர்ஸ்மித் மருத்துவப் பள்ளியில் டெனிஸ் மிச்சிசன் என்னும் விஞ்ஞானி அவற்றைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். வியப்பு என்னவெனில், தென்னிந்தியக் கிருமிகளில் பல, இங்கிலாந்தின் கிருமிகளைக் காட்டிலும் கினிப்பன்றிகளிடம் வீரியம் குன்றியிருந்தன. 1960-இல் வெளியான இம்முடிவின் காரணம் நெடுநாள் புதிராகவே இருந்தது. 1998-இல் காசநோய்க் கிருமியின் மரபணு ஏடு, அதாவது ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துகளும் 4,000 மரபணுக்களும், முழுமையாக வாசிக்கப்பட்ட பிறகு, உலகக் கிருமிகளைக் கால்வழி கால்வழியாகப் பிரிக்க முடிந்தது. தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது தொன்மையான ஒரு கால்வழி என்பது அப்போது தெளிவாயிற்று. ஊருக்கு ஊர் நோயும் ஒன்றல்ல.

நோயாளியும் ஒன்றல்ல என்பதையும் அதே மையம் காட்டிற்று. ஐசோனியாசிட் மருந்தைச் சிலருடைய கல்லீரல் விரைந்து செயலிழக்கச் செய்கிறது. சிலருடைய கல்லீரல் மெதுவாகச் செய்கிறது. இது பரம்பரையாக வருவது என்பது 1960-இல் நிறுவப்பட்டது. சென்னையில் அளந்து பார்த்தபோது தென்னிந்தியரில் ஏறக்குறைய 60 சதவிகிதத்தினர் மெதுவாகச் செய்பவர்கள் என்று தெரியவந்தது. வாரத்திற்கு ஒருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் முறையில், விரைந்து செயலிழக்கச் செய்பவர்களுக்குக் குணம் குறைவாகவே கிட்டியது. இதற்குப் பொறுப்பான மரபணு இன்னதென்று கண்டறியப்பட்டது 1990-களின் தொடக்கத்தில்தான். மரபணுவைக் கண்ணால் காணாமலே, அதன் வேலையை இரத்தத்தில் மிஞ்சிய மருந்தின் அளவைக் கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சேத்துப்பட்டில் அளந்திருக்கிறார்கள். இம்மையம் 1978-இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011-இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாற்றம் பெற்றது.

இதயத்தையும் நுரையீரலையும் இணைத்து நோக்கும் பார்வைக்கு இவையெல்லாவற்றிலும் பழைய வரலாறு ஒன்றுண்டு. வலப்புற இதய அறையிலிருந்து இடப்புற அறைக்கு இரத்தம் நடுச்சுவரின் துளைகள் வழியே கசிகிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதை உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருந்தது. திமிஷ்கில் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் புரிந்த இப்னு நஃபீஸ், இப்னு சீனாவின் நூலுக்கு 1242-இல் எழுதிய உரையில் அதனை மறுத்தார். நடுச்சுவரில் துளையே இல்லை; இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்புறம் வருகிறது என்று எழுதினார். அவர் 1288-இல் மறைந்தபோது தம் வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு உரிமையாக்கிச் சென்றார். சுல்தான் கலாவூன் வக்ஃபாக நிறுவிய மருத்துவமனை அது. ஆயினும் அவருடைய உரையைப் பின்வந்த உலகம் மறந்தது. 1924-இல் அல் தத்தாவி என்னும் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்தில் அதன் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்த பின்னரே அச்செய்தி மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. ஏடு பொதுவில் இருந்தால் மட்டும் போதாது, அதை எடுத்துப் படிப்பவரும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

அமெரிக்க அரசாங்கம் 1948-இல் தேசிய இதய நிறுவனத்தை அமைத்தது. 1969-இல் அதன் பெயரில் நுரையீரலும், 1976-இல் இரத்தமும் சேர்ந்தன. அதே 1948-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்காம் என்னும் சிற்றூரில் 5,209 ஆடவர் பெண்டிரைப் பதிவு செய்து, அவர்களை வாழ்நாள் முழுவதும் தொடரும் ஆய்வு தொடங்கியது. இரத்தக் கொதிப்பும், கொழுப்பும், புகைப்பழக்கமும் இதயத்தைக் கெடுக்கும் என்று இன்று நாம் சர்வசாதாரணமாகப் பேசுவதற்கு அவ்வூர் மக்களே பெருங்காரணம். அவர்களுக்குப் பின் பிள்ளைகளும், பிள்ளைகளுக்குப் பின் பேரப்பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்.

மரபணு வெளிப்பாட்டைப் பெருமளவில் அளக்கும் கருவி 1995-இல் பிறந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கண்ணாடித் தகட்டில் மரபணுத் துணுக்குகளைப் புள்ளி புள்ளியாகப் பதித்தார்கள். உயிரணுவின் ஆர்.என்.ஏ.யிலிருந்து எடுத்த படிகளுக்கு ஒளிரும் சாயமேற்றி அத்தகட்டின்மேல் ஊற்றினால், வேலை செய்யும் மரபணுவின் புள்ளி ஒளிரும். அந்த முதல் தகட்டில் இருந்தவை ஒரு சிறு செடியின் 45 மரபணுக்கள் மட்டுமே. சில ஆண்டுகளில் ஒரே தகட்டில் பல்லாயிரம் மரபணுக்கள் இடம் பெற்றன. தகடு அச்சிடும் பொறி, ஒளியை வாசிக்கும் பொறி, வந்து குவியும் எண்களைக் கணக்கிடும் கணிப்பொறி, இவற்றையெல்லாம் இயக்கத் தெரிந்த ஆட்கள் என்று செலவு மலைபோல் உயர்ந்தது. எனவே 2000-இல் அமெரிக்க இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 11 ஆய்வுக் குழுக்களுக்குப் பொருளுதவி தந்து ஒரு திட்டம் வகுத்தது. பாஸ்டனில் ஒரு குழு இதயத்தையும், பால்டிமோரில் ஒரு குழு நுரையீரலையும் முதன்மையாக எடுத்துக்கொண்டன. கிடைத்த தரவுகளையும், கருவி நுட்பத்தையும், பயிற்சியையும் மற்ற ஆய்வாளர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அத்திட்டத்தின் உயிர்நாடி. பின்னர் ஃபிரேமிங்காமின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையினரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் மரபணு வெளிப்பாடு அளக்கப்பட்டது. முறைப்படி விண்ணப்பித்தால் வேற்று நாட்டு ஆய்வாளரும் அந்த எண்களைப் பெறலாம்.

இது பெருந்தன்மைதான். ஆனால் ஃபிரேமிங்காம் ஆய்வில் சேர்ந்தோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தவர்கள். அவர்களுடைய இதயத்தை அளந்து நம் இதயத்துக்குத் தீர்ப்புக் கூறினால் எங்கே தவறும் என்பதற்கு ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. இதயத் தசையின் சுருக்கத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் மட்டும் விடுபட்டுப்போன மாற்றம் சிலரிடம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும், ஹைதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தாரும், பிறரும் கூடிச் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு நால்வர் இம்மாற்றத்தைத் தாங்குவதாகவும், அவர்களுக்கு இதயம் செயலிழக்கும் ஆபத்து பன்மடங்கு என்றும் காட்டிற்று. இளமையில் இதயம் அந்தப் பழுதான புரதத்தை அகற்றிவிடுகிறது. முதுமையில் அந்த ஆற்றல் தளரவே புரதம் தேங்கித் தீமை செய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஐரோப்பியரிடம் இதனைத் தேடியிருந்தால் கிடைத்திராது. நம் நாட்டில் இருபது நிறுவனங்கள் கூடி 10,000 இந்தியரின் மரபணு ஏட்டை வாசித்து, அத்தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டதும் இந்தக் குறையை உணர்ந்துதான். ஆயினும் அது எழுத்தின் தொகுப்பு. வெளிப்பாட்டின் தொகுப்பு அன்று.

நுரையீரலில் நிகழ்ந்தது இதைவிடச் சுவையானது. 2010-இல் இலண்டன், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களின் காசநோயாளிகளிடம் இரத்தம் எடுத்து ஆராய்ந்தவர்கள், முற்றிய நோயாளிகளிடம் 393 மரபணுப் படிகள் ஒரு தனிப் பாங்கில் மாறியிருப்பதைக் கண்டார்கள். மருந்துண்ட இரண்டு மாதங்களில் அப்பாங்கு மங்கத் தொடங்கியது. சளி வராத குழந்தைக்கும் ஒரு துளி இரத்தத்தால் நோயறியலாமே என்ற நம்பிக்கை பிறந்தது. 2016-இல் தென்னாப்பிரிக்க இளம்பருவத்தினரிடமிருந்து 16 மரபணுக்களின் பட்டியல் ஒன்று வந்தது. நோய் வருமுன்னரே அது வரப்போவதை ஓரளவு சொல்லவல்லது. நம்பிக்கை அளவு கடக்கவும் கூடாது. இத்தகைய பட்டியலை வைத்து ஆபத்துள்ளோரைத் தேர்ந்து முன்கூட்டியே மருந்து கொடுத்துப் பார்த்த தென்னாப்பிரிக்கச் சோதனை, 2021-இல், எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று அறிவித்தது.

இலண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழுதிய பட்டியல்கள் நம்மவருக்குப் பொருந்துமா? நம் மண்ணில் கிருமியின் கால்வழி வேறு. உண்ணும் உணவு வேறு. புதுச்சேரி ஜிப்மரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கூடி இதைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டன. பட்டியல்கள் தென்னிந்தியரிடமும் நன்றாகவே பொருந்தின. ஆனால் 2022-இல் அதே வட்டாரத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு கவலை தருவது. காசநோயாளியின் வீட்டில் வாழும், இன்னும் நோய் காணாத மனிதர்களில், உணவு குன்றி மெலிந்தவர்களின் இரத்தம் அழற்சியின் அடையாளங்களை அதிகம் காட்டிற்று. நோய் வரப்போகிறது என்று எச்சரிக்கும் பட்டியல் அவர்களிடம் அதிகமாக ஒளிர்ந்தது. பசி மரபணுவின் நாட்குறிப்பில் பதிவாகிறது.

இங்கே 1959-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்து சரியாக உட்சென்றால் எளிய உணவோடும் நோய் தீரும் என்றது சென்னை ஆய்வு. அது உண்மை. ஆனால் அதைச் சிலர் உணவே முக்கியமல்ல என்று படித்துக்கொண்டார்கள். தீர்வது வேறு, வருவது வேறு. 2023-இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒரு பிரிவினருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் வழங்கிப் பார்த்தார்கள். அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 சதவிகிதம் குறைந்தது. நுரையீரலில் தோன்றித் தொற்றக்கூடிய நோய் மட்டும் 48 சதவிகிதம் குறைந்தது. இராயபுரத்து மணியக்காரர் சத்திரத்தார் மரபணுவை அறியார், கஞ்சியை அறிந்திருந்தார்கள்.

இறுதியாக வடசென்னையின் காற்றைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1856-இல் தென்னகத்தின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது முதல், இக்கடலோரம் தொழிலின் புகைக்குப் பழகியது. 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு. 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையம். 1994 முதல் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். சென்னைத் துறைமுகத்தில் குவித்த நிலக்கரியின் தூசி இராயபுரத்து வீடுகளில் படிகிறது என்று மக்கள் ஓயாது முறையிட, உயர்நீதிமன்றம் 2011-இல் அங்கே நிலக்கரி கையாள்வதைத் தடுத்தது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. தூசி இராயபுரத்தை விட்டது. எண்ணூருக்கு யார் முறையிடுவது? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள்; பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

இத்தகைய காற்று நுரையீரலில் என்ன எழுதிச் செல்கிறது என்பதை அளக்கும் வழி உண்டு. 2004-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் புகைப்போரின் மூச்சுக்குழாய் உட்சுவரிலிருந்து அணுக்களைச் சுரண்டியெடுத்து ஆராய்ந்தார்கள். புகையால் மாறிய மரபணுக்களில் பல, பழக்கத்தை விட்ட பின் பழைய நிலைக்குத் திரும்பின. சில, ஆண்டுகள் கழிந்தும் திரும்பவில்லை. சிகரெட்டை விடலாம். எண்ணூர் மீனவர் தம் காற்றை எப்படி விடுவார்? மூன்று தலைமுறையாகத் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த குடும்பங்கள் திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் எத்தனையோ உண்டு. ஃபிரேமிங்காமைப் போலத் தொடர்ந்து ஆராய்வதற்கு இதைவிடத் தகுந்த வட்டாரம் கிடைப்பது அரிது.

அதற்கென்று ஒரு பொதுக்கூடம் எழுமானால், கோடிக்கணக்கில் விலைபெறும் கருவியைப் பற்றியே முதலில் பேசுவார்கள். என் எண்ணம் வேறு. ஆர்.என்.ஏ. மிக மெலிந்த பொருள். விரலில் ஒட்டியிருக்கும் நொதியே அதைச் சிதைத்துவிடும். இரத்தத்தை எடுத்தவுடன் கலந்து காக்கும் திரவம் அடங்கிய குழாய்கள் இதற்கென்றே விற்கப்படுகின்றன. அவற்றிலும் ஆர்.என்.ஏ. அறை வெப்பத்தில் மூன்று நாள்தான் தாங்கும். அந்த அறை வெப்பம் என்பது 18 முதல் 25 டிகிரி என்று குழாயோடு வரும் குறிப்பில் அச்சிட்டிருக்கிறது. எண்ணூரில் மே மாதத்து அறை அதுவன்று. ஆகவே அங்கே முதலில் வேண்டியது குளிர்ப்பெட்டியும், மின்சாரம் தடைபட்டாலும் அதை இயக்கும் ஏற்பாடும், கடற்கரைக் குப்பத்தில் காலை ஆறு மணிக்கே போய்க் கதவைத் தட்டி, இரத்தம் எதற்கு என்பதை எடுத்துச் சொல்லி, முடிவையும் திரும்பி வந்து சொல்லும் ஒரு செவிலியரும். அப்படித்தான் 1956-இல் கதவைத் தட்டினார்கள்.